ஈரக் கழிவு

மழை நாளில் நூற்றுக்குப் பன்னிரண்டு கழிப்பேன்.
கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஃபேக்டரியில்
பதினாறு வருடமாய்க் கொழுந்தெடை போடுவது நான்.
"தண்ணியா குடுத்தேன், எலயில்ல குடுத்தேன்"
என்று முறைப்பார் பெள்ளியண்ணன்.
முள் நிற்கும் இடத்தில் என் எழுத்து நிற்பதில்லை.

ஆஸ்பத்திரித் தராசில் என்னை ஏற்றியபோது
எதையும் கழிக்கவில்லை.
நூற்றுப் பதினொன்று கிலோ, நானூறு கிராம்.
ஸ்வெட்டரைக் கழற்றவா என்றேன்.
வேண்டாம், இது எடைக்கான வைத்தியம் இல்லை
என்றாள் தெபோராள்.

எதற்கான வைத்தியம் என்றால்,
ராத்திரி ஒரு மணிக்கு.
வெளிச்சம் காட்டிக்கொடுக்கிறதென்று
ஃப்ரிட்ஜ் பல்பையே கழற்றி ஒளித்தவன் நான்.
மத்தியானச் சோறு, உறைந்த குழம்பு,
ஒரு பொட்டலம் வர்க்கி, அதன் அடித்தூள்,
மகள் பள்ளிக்கூடத்துக்கென்று வைத்த பிஸ்கட்,
அதுவும் தீர்ந்தால் வெறும் பால்பவுடர்,
கரண்டி கரண்டியாய்,
மேலண்ணத்தில் சிமெண்டுபோல் அப்பிக்கொள்ள,
நின்றபடியே.
பசி இல்லை. ருசியும் இல்லை.
யாரோ என் கையைக் கூலிக்கு எடுத்தமாதிரி.
விடிந்ததும் காலி உறைகளை எட்டாய் மடித்து
பாய்லர் அடுப்பில் விறகோடு தள்ளுவேன்.
மங்களேஸ்வரிக்குத் தெரியும்.
எதுவும் கேட்காமல்
பிஸ்கட்டை இரண்டிரண்டாய் வாங்கத் தொடங்கினாள்.

தலைக்கு ஒரு துணித்தொப்பி. அதில் மையால் புள்ளிகள்.
எட்டு எழுதினாற்போல் வளைந்த காந்தச் சுருளை
உச்சிக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினார்கள்.
டக்.
மடியில் கிடந்த வலது கட்டைவிரல் துள்ளியது.
நான் அசைக்கலை என்றேன் அவசரமாய்,
கடையில் பிடிபட்டவன்போல.
தெரியும், நாங்கதான் அசைச்சோம் என்றார் டாக்டர்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அவருக்கு அது ஓர் அளவு.
எனக்கோ
நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக
என் கை செய்ததற்கு நான் காரணமில்லையென்று
இன்னொருவர் குறித்து வைத்தது.

பிறகு சுருளை இடது நெற்றிக்கு மேலாக நகர்த்தினார்கள்.
"போதும்னு சொல்ற எடம் இங்கே அசந்துட்டு இருக்கோ
என்னமோ, தட்டிப் பாக்கறோம்."
பார்க்கிறோம் என்பார்.
குணமாக்குகிறோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
டக்டக்டக்டக். நிறுத்தம். டக்டக்டக்டக்.
வெளியே சில்வர் ஓக்கில் ஒரு மரங்கொத்தி
குழம்பிப்போய்க் கொத்துவதை நிறுத்தும்.

இன்னொன்றும் சொன்னார்கள்:
வந்தவர்களில் பாதிப்பேருக்கு நெற்றியில் வெறும் சத்தம்தான்,
காந்தம் இல்லை.
யாருக்கு எது என்று தெபோராளுக்கே தெரியாது.
கோயம்புத்தூரில் ஏதோ அலமாரியில்
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது நான் எந்தப் பாதி என்பது.

பதினோராம் நாள்.
"நேத்து ராத்திரி?"
"வர்க்கி. முழுப் பொட்டலமும்."
எழுதினாள்.
"உக்காந்தா, நின்னா?"
"நின்னு."
அதையும் எழுதினாள். முகம் சுளிக்கவில்லை.
என்னை ஒருவர் ஈரத்தோடு எழுதிக்கொண்டது அன்றுதான்.

பதினாறாம் ராத்திரி
இரண்டு தின்று, மூன்றாவது கையில் இருந்தது.
கீழே தேயிலைக்குள் காட்டெருமை ஒன்று
மூச்சு விட்டது, பெரிதாக.
எவ்வளவு நேரம் நின்றேனோ.
கையிலிருந்ததைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டேன்.
வைத்தது காந்தமா, வெறும் சத்தமா,
தெபோராளின் நோட்டா, அந்த எருமையா,
இல்லை, அன்றைக்கு வர்க்கிதான் நமத்திருந்ததா?

இருபது நாள் முடிந்தது.
அதற்கப்புறம் மூன்று ராத்திரி தவறியிருக்கிறேன்,
ஒருமுறை பால்பவுடர் வரைக்கும்.
உறையை ஆனியில் பிரிப்பார்களாம்.

நேற்று ஃப்ரிட்ஜில் பல்பை மாட்டினேன்.
தயிரெடுக்கத் திறந்த மங்களேஸ்வரி
ஒன்றும் சொல்லவில்லை.
கதவை மட்டும் கொஞ்ச நேரம்
திறந்தே பிடித்திருந்தாள்.